பிரேக் கட்டத்தில் ஒரு புள்ளி

லாரிக்கு மார்க் போடுகிற உத்தியோகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் குடியிருப்புக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூன்றாம் மாடிக்காரி இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்ற வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறாள் என்று துருவிக் கேட்டவள் கீழ்வீட்டுத் தையல்காரி. எந்த லாரிக் கம்பெனியின் வண்டி வருகிற வருஷத்தில் எங்காவது போய் மோதும், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என மார்க் போடுவது தன் வேலை என்றாள் அவள். தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே, "அப்போ ஜோசியம்னு சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மார்க்கு அக்கா.

இதில் இன்னொரு கோளாறு, இந்த மார்க் தலைகீழானது. கூடினால் ஆபத்து, குறைந்தால் உத்தமம். எண்பத்திரண்டு வாங்கிய ஒரு முதலாளி, தன் பிள்ளைகூட இவ்வளவு வாங்கினதில்லை என்று பூரித்துப்போய் ஆபீசுக்கே போன் போட்டு நன்றி சொன்ன கதையை அக்கா எப்போதாவது சொல்வாள். சொல்லும்போது அவள் சிரிக்க மாட்டாள், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கண்ணில் பட்ட சக்கரத்துக்கெல்லாம் மார்க் போடுவது அவளுக்கு ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது. தண்ணீர் கேன்காரரின் மூன்று சக்கர வண்டிக்கு அறுபத்தெட்டு. பள்ளிக்கூட வேனுக்கு ஐம்பத்தைந்து. தையல்காரியின் மருமகனுடைய பைக்குக்கு அவள் கொடுத்த எழுபத்தொன்றை யாரோ அவர் காதில் போட்டுவிட, அந்த மனுஷன் அப்புறம் மாமியார் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உலவின. மூன்றும் கிளம்பியது தையல் மெஷினடியிலிருந்துதான். உண்மைக் காரணம் அவ்வளவு சுவாரஸ்யமில்லாதது. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பத்து. அவனை ஆளாக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். ஆளானவன் வேறு எத்தனையோ வேலை இருக்க, லாரி ஓட்டப் போனான். ஆயிரத்துச் சொச்சம் லாரிகளின் ஆபத்தை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அதில் ஒரு லாரிக்குள் தம்பி. அதற்குப் பிறகு அவள் போட்ட மார்க்குகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் கிடந்தது: இவன் முழுசாக வீடு வந்து சேருவானா.

அவள் மேஜைக்குத் திங்கட்கிழமைதோறும் கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். ஒவ்வொரு டிரைவரும் காலையில் வண்டி எடுக்குமுன் நிரப்ப வேண்டிய சோதனைத் தாள்கள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீயரிங், கண்ணாடி என்று பதினான்கு கட்டங்கள். சரியாக இருந்தால் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி, கீழே நாலு வரியில் என்ன குறை என்ற விவரம். எழுதப்படும் ஒவ்வொரு குறைக்கும் கம்பெனியின் மார்க்கில் அரை மார்க் ஏறும் என்ற விதியைக் கொண்டுவந்தவள் அவளேதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், மார்க் ஏறிவிடுமே என்ற பயத்தில் முதலாளிகள் குறைகளைச் சரிசெய்வார்கள் என்று அவள் நம்பினாள். முதலாளிகள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் குறைகளை விட்டுவிட்டு, எழுதுகிறவர்களைச் சரிசெய்தார்கள். ஆறே மாதத்தில் எல்லாக் கம்பெனிகளின் மார்க்கும் சொல்லிவைத்தாற்போல் இறங்கியது. மேலாளர் அந்த இறக்கத்தை வரைபடமாகப் போட்டு மேலிடத்துக்குக் காட்டினார். அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைப் பார்க்க அந்தக் குடியிருப்பே வரிசையில் வந்து போனது; தையல்காரி மட்டும் அதைக் கையில் வாங்கி, வெண்கலமா வெறும் முலாமா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

இறக்கத்துக்குக் காரணம் என்னவென்று மார்க்கு அக்காவுக்குத் தெரியாமலில்லை. கேடயம் வந்த பிறகு சொல்வதற்கு ஒரு மாதிரியாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் தம்பி ஒருத்தன்தான் ஊரில் குறை எழுதுகிற ஜாதி. சும்மா எழுதுகிறவனா? நாலு வரி போதாமல் தாளின் ஓரத்திலும் ஏறுவான். 'இடது பின்சக்கரத்தில் சத்தம். நேற்றும் எழுதினேன். வளைவில் திரும்பும்போது அழுவது போல் இருக்கிறது, நேரில் வந்து கேட்கவும்.' கூட ஓட்டுகிறவர்கள் அவனுக்கு எழுத்தாளர் என்று பெயர் வைத்தார்கள். 'எழுத்தாளரே, இன்னைக்கு எத்தனை பக்கம்?' என்பது கிளம்பும் இடத்தில் தினசரி விசாரிப்பு. இந்த எழுத்துக்காகவே இரண்டு கம்பெனிகள் அவனை அனுப்பிவிட்டன. மூன்றாவதாகச் சேர்ந்தது நீலக் கதவு லாரிக் கம்பெனி. அங்கே பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தார். டிரைவர்கள் தாளை நிரப்பும்போது பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைப்பது அவருடைய பாதுகாப்பு.

சேர்ந்த இரண்டாம் மாதமே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தம்பி பெண்டாட்டி அதை மடித்து எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வேலை தேட முடியாது, அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று அழுதாள். அழுதது நியாயம்தான். அவன் அக்கா பேச்சைத் தட்டி யாரும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி மடித்தபடி அவள் பேச்சை எடுத்தாள்.

"எல்லாத்தையும் எழுதணும்னு இல்லடா. பெரிய குறையா இருந்தா மட்டும் எழுது."

"பெரிசு எது, சின்னது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நிறுத்த நெனச்சு வண்டி நிக்கலைன்னா அது பெரிசு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்தான். "அப்போ எழுத ஆள் இருக்காதேக்கா" என்றான். கொஞ்ச நேரம் தலையணை உறை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். பிறகு கேட்டான்: "எங்க கம்பெனித் தாளெல்லாம் உன் மேஜைக்குத்தானே வருது? நீயே பார்ப்பியா?"

"உன் தாளை நான் பார்க்காம வேற யாரு பார்ப்பா?"

அவன் சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைத் தம்பி பெண்டாட்டி சமையலறைக் கதவருகிலிருந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்களிலிருந்து அவனுடைய தாள்கள் புதுப் பெண் மாதிரி அடக்கமாக வந்தன. பதினான்கு டிக். கீழே நாலு வரியும் வெள்ளை. மார்க்கு அக்கா ஒவ்வொரு வாரமும் நீலக் கதவுக் கட்டைப் பிரித்து முதலில் அவன் தாளைத்தான் தேடி எடுப்பாள். எழுத்து எதுவும் இல்லை என்று பார்த்ததும் ஒரு நிம்மதி. பிறகு கட்டின் மேல்தாளில் 'பார்க்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்துவாள். நீலக் கதவின் மார்க் முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து அவன் தாளில் ஒரு சின்ன அசிங்கம் தென்பட்டது. பிரேக் கட்டத்து டிக்குக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மறுநாள் தாளிலும். அதற்கு அடுத்த நாளும். பேனா கசிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதிலேயே அவன் சட்டைப்பை எப்போதும் மையாகத்தான் இருக்கும். ஆபீசிலிருந்து வரும் வழியில் கடையில் நின்று, நல்லதாக ஒரு பேனா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது கையில் கொடுத்து, "தாள் பார்த்தேன். இனிமே இதுல எழுது" என்றாள். அவன் பேனாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மூடியைத் திறந்து மூடினான். "பார்த்துட்டியா?" என்றான். "பார்க்காம?" என்றாள். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அன்றைக்கு அவன் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டான் என்றுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

புதுப் பேனாவிலும் புள்ளி வந்தது. சரி, இவன் கைதான் அப்படி என்று விட்டுவிட்டாள்.

விபத்து ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு. குவாரிச் சரிவின் அடியில் நீலக் கதவு லாரி ஒன்று திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பஸ் நிறுத்தத்துக் கூரையோடு போய்ச் சுவரில் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இருவர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். மார்க்கு அக்காவுக்கு இதை யாரும் வந்து சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு விபத்துத் தகவல் படிவம் வழக்கம்போல மேஜைக்கு வந்தது. வண்டி எண் என்ற கட்டத்தைப் படித்தாள். அந்த எண்ணைத்தான் அவள் வாரந்தோறும் தேடித் தேடி எடுப்பாள். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபோது, டம்ளரை வாங்கி அந்தப் படிவத்தின் மேலேயே வைத்தாளாம்.

அவனுக்கு உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். அவர் டீ குடிக்க எழுந்து போகும் வரைக்கும் அக்காவும் தம்பியும் காலைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியுமே பேசினார்கள்.

அவர் போனதும் அவன் கேட்டான், கோபமாக இல்லை, ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று கேட்கிறவனைப் போல: "புள்ளி வெச்சேனேக்கா. பார்த்தேன்னு சொன்னியே."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"பிரேக் கட்டத்துல. எழுதாதேன்னு நீ சொன்ன. சரி, எழுதல. ஆனா நீ பார்ப்பேன்னு சொன்னியா, அதனால புள்ளி வெச்சேன். காலைல பிரேக்குக்குக் காத்து ஏறவே கால் மணி நேரம் ஆச்சு, மிதிச்சா கால் தரை வரைக்கும் போச்சு. நீ பேனா வாங்கிக் குடுத்தப்போ, அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு, ஆபீஸ்ல சொல்லி ஏதோ பண்ணப்போறான்னு நெனச்சேன். இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் அவன் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா கசிகிறது என்றல்லவா அவள் நினைத்தாள். அந்த வார்த்தையை அவள் இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

"எத்தனை நாளா?"

"பத்தொன்பது. நான் மட்டும் இல்ல. எங்க ஆளுங்க இன்னும் நாலு பேர் வைக்கிறாங்க. எங்க அக்கா பார்ப்பான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

போலீஸ்காரர் திரும்பி வந்து, ஏழெழுத்தில் நோய் தீர்க்கும் செடி ஏதாவது தெரியுமா என்று பொதுவாகக் கேட்டார்.

மறுநாள் ஆபீசுக்குப் போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்தாள். அவன் சொன்னது சரி. தம்பியின் தாளில் பத்தொன்பது புள்ளிகள். அவற்றில் பதினொன்று, அவள் வாங்கிக் கொடுத்த பேனாவில் வைத்தவை. மை நல்ல கறுப்பு. மற்ற நாலு வண்டிகளின் தாள்களிலும் புள்ளி இருந்தது. ஒன்றுக்கு பிரேக்கில், இரண்டுக்கு டயரில். ஒரு டிரைவர் ஸ்டீயரிங் கட்டத்தில் இரண்டு புள்ளி வைத்திருந்தார், என்ன அவசரமோ. எல்லாக் கட்டின் மேலும் அவள் கையால் குத்திய முத்திரை.

கம்பெனியே வக்கீல் ஏற்பாடு செய்து கொடுத்தது. எவ்வளவு நல்ல கம்பெனி என்று குடியிருப்பில் வியந்தார்கள். வக்கீல் மென்மையாகப் பேசுகிற மனிதர். மார்க்கு அக்கா புள்ளி என்ற வார்த்தையைச் சொல்லாமல், ஒரு பேச்சுக்கு என்று ஆரம்பித்து, டிரைவருக்கு பிரேக் மோசம் என்று முன்னமே தெரிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். தெரிந்தும் ஓட்டினான் என்றால் இரண்டு உயிருக்கு அவன் பதில் சொல்ல வேண்டும், பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை அவன் வெளியே வர மாட்டான் என்றார். காலையில் பார்த்தேன், நன்றாக இருந்தது, சரிவில் திடீரென்று போய்விட்டது என்றால் அது அஜாக்கிரதை; ஒன்று அல்லது ஒன்றரை வருஷத்தில் முடியும். தாளில் டிக் இருக்கிறதே, கவலை எதற்கு என்றார்.

கம்பெனியின் உத்தமத்துக்கும் தம்பியின் விடுதலைக்கும் ஒரே டிக்தான் ஆதாரம் என்பதை அவள் படி இறங்கும்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டாள்.

ஆனாலும் அந்த நாலு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலாளரிடம் போய், நீலக் கதவுக்குத் திடீர்ச் சோதனை போடலாமே என்றாள். அவர் திரையில் பார்த்தார். சோதனைக்கு ஆள் இரண்டே பேர், அறுபதுக்கு மேல் வாங்கிய கம்பெனிகளைப் பார்க்கவே எட்டு மாதம் ஆகும், இருபத்திரண்டு வாங்கினவனை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

தெரியும் என்றால் அடுத்த கேள்வி புள்ளி. அதற்கடுத்த கேள்வி, முதல் புள்ளி யாருடையது.

"இல்ல சார். சும்மா ஒரு யோசனை" என்றாள்.

மத்தியானம் தெருமுனைக் கடையிலிருந்து, சாலைச் சோதனைக்காரர்களின் புகார் எண்ணுக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்தாள். எதிர்முனையில் ஒரு பெண் மரியாதையாகவே நாலு வண்டி எண்களையும் எழுதிக்கொண்டாள். கம்பெனி பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ் மார்க் இருபத்திரண்டுதாங்க காட்டுது, ரொம்ப நல்ல கம்பெனிங்க. வரிசைப்படி கண்டிப்பா பார்ப்பாங்க" என்று ஆறுதல் சொன்னாள். அந்த வரிசை எந்த மார்க்கை வைத்து ஓடுகிறது என்பதை மார்க்கு அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் தம்பியிடம் வாக்குமூலம் வாங்க வந்தார்கள். அதற்கு முன்னால் அவனோடு தனியாக இருக்கக் கொஞ்ச நேரம் கிடைத்தது. தம்பி பெண்டாட்டி பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். அவன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடப்போவதாகச் சொன்னான். அந்த நர்ஸ் பெண் கையில் சாப்பாட்டு டப்பா வைத்திருந்தாள், அது மட்டும் நசுங்கவே இல்லை, உருண்டு வந்து வண்டிக்கடியில் நின்றது, அதைச் சொல்ல வேண்டும் என்றான். நாலு பேர் இன்னும் ஓட்டுகிறார்களே அக்கா என்றான்.

மார்க்கு அக்கா அவன் தலைமாட்டில் குனிந்து இரண்டாம் தடவையாக அதையே சொன்னாள்: "அதெல்லாம் எழுத வேண்டாம்டா. பிரேக் நல்லா இருந்துதுன்னு மட்டும் எழுது."

அவன் சின்ன வயதில் மாத்திரை விழுங்கச் சொல்லும்போது சொல்கிற மாதிரி, "சரிக்கா" என்றான்.

எழுத்தாளர் என்று பெயர் வாங்கியவன் மூன்றே வரிதான் எழுதினான். கையெழுத்துப் போட அவள் கைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் போட்டான். அதிகாரி முத்திரை தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் அவள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். 'பிரேக்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பார்த்தாள். கையெழுத்துக்குக் கீழே பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தாள். சுத்தமான தாள். எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் போய்வருகிறேன் என்று சொன்னபோதும் திரும்பவில்லை.

விபத்துக்குக் காரணம் டிரைவர் என்று பதிவானது. டிரைவரைக் கம்பெனி நீக்கிவிட்டதால், விதிப்படி அவன் முன்பு எழுதிய குறைகளுக்கும் இந்த விபத்துக்கும் ஏறிய மார்க்குகளும் அவனோடு நீங்கின. நீலக் கதவின் மார்க் பத்தொன்பது. அந்த ஆபீஸில் இதுவரை யாரும் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை என்று மேலாளர் சொன்னார்.

திங்கட்கிழமை கட்டு வந்தது. அவள் பிரித்தாள். ஸ்டீயரிங் கட்டத்தில் இப்போது மூன்று புள்ளி. டயர்க்காரர்கள் இருவரும் வைத்திருந்தார்கள். பிரேக்கில் புள்ளி வைப்பவர் அழுத்தி வைத்திருந்ததில் தாள் கிழிந்து, ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. புதிதாக இன்னொரு வண்டியும் சேர்ந்திருந்தது. இந்த அக்கா பார்ப்பாள் என்று யாரோ யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும்.

தாள்களை அடுக்கி, நான்கு மூலையும் தட்டிச் சமமாக்கினாள். முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினாள். பக்கத்து மேஜைக்காரர், ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருக்கிறாளே என்று நிமிர்ந்து பார்த்தபோது, அது கட்டின் மேல் இறங்கியது.